இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி

சுவர்க் கடிகாரம் ஒன்பது பத்து காட்டியபோது வீரணன் முதல் கரண்டியை மகளின் வாய்க்குள் விட்டான். விட்டுவிட்டுத் தொண்டையையே பார்த்தான். சின்னதாக ஓர் அசைவு, உள்ளே போய்விட்டது. இனி இரண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஜெபராணி சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி, அழுதாலும் கெஞ்சினாலும் அதற்கு மேல் கூடாது, வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டு மறுபடி மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். உள்ளே போனது தங்கி, பிள்ளை ஒன்றுக்கும் போய்விட்டால் பயமில்லை. தங்கவில்லை, பிள்ளை துவண்டுவிட்டது என்றால் ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். கனிஷ்காவுக்கு மூன்று வயது. நேற்றுக் காலையிலிருந்து வாந்தி, மத்தியானத்திலிருந்து வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. நேற்றுச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்றுக்குப் போனதோடு சரி. கண் உள்ளே போயிருந்தது. டாக்டரம்மா வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டபோது அது சட்டென்று படியாமல் சோம்பலாகப் படிந்ததை வீரணன் பார்த்தான். அந்தச் சோம்பல் இன்னும் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. அவன் பார்க்காத வயிறா? பதினான்கு வருஷமாகப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவிப் பிழைக்கிறவன். சுற்றுப்பட்டு ஊர்களில் வீரணன் என்றால் பலருக்குத் தெரியாது, தொக்கக்காரர் என்றால் தெரியும். பிள்ளை தின்றது எதுவோ உள்ளே சிக்கிக்கொண்டது, அதுதான் எதையும் தங்கவிடாமல் தள்ளுகிறது என்று நம்பித் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவன் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, மேல்நோக்கி நீவி, வெளியிலிருந்து தொண்டைக்குழியில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சி, சிக்கியதை வாழையிலைத் துண்டில் துப்பிக் காட்டுவான். அதுதான் தொக்கம் எடுப்பது. அப்படிப்பட்ட ஆள் இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெஞ்சில், கையில் ஒரு எவர்சில்வர் கரண்டியோடு, யார் கண்ணிலும் பட்டுவிடாமல் சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது கரண்டி. மூன்றாவது. கனிஷ்கா கரண்டியையே நாக்கால் இழுத்தாள், அவ்வளவு தாகம். "அப்பா, இன்னும்," என்றாள். "இருடா தங்கம், முள்ளு அங்க வரட்டும்." எந்த முள் என்று அவளுக்குத் தெரியாது, அழக் கண்ணீரும் இல்லை, வாயை மட்டும் கோணினாள். கண்ணீர் இல்லாத அழுகையை அவன் மற்ற பிள்ளைகளிடம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான், அப்போதெல்லாம் அடம் என்று நினைத்தான். நினைத்தானா, அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்ததா? இதைப் போய் இப்போது எதற்கு. மணியைப் பார். காலையில் வந்ததும் பழக்கதோஷத்தில் சிஸ்டரிடம் அவன் கேட்டது, "எது சிக்கியிருக்கும்னு நினைக்கிறீங்க?" என்றுதான். பொடியைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே அவள் சிரித்தாள். "ஒண்ணும் சிக்கலண்ணே. ஒரு கிருமி. இந்த வாரத்துல இது ஏழாவது பிள்ளை. வயித்துக்குள்ள ஆகாதது ஒண்ணு வந்திருச்சுன்னு மூளைக்குச் சேதி போகுது, வெளிய தள்ளுன்னு அங்கருந்து உத்தரவு வருது. தள்ளுறதுகூட வயிறு இல்ல தெரியுமா? வயிறு பாவம் தளர்ந்து கிடக்கும். நெஞ்சுக்கூட்டுக்குக் கீழ இருக்கிற தசையும் அடிவயித்துத் தசையும் சேர்ந்து அமுக்குது." வயிறு தள்ளவில்லை. இதைக் கேட்டதிலிருந்து வீரணனுக்கு என்னவோ போல் இருந்தது. ஆயிரம் வயிற்றுக்கு மேல் தடவியிருப்பான், ஒரு தடவைகூட உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டதில்லை. வண்டியில் போனால் வாந்தி, நாற்றம் பட்டால் வாந்தி, வனிதா கனிஷ்காவைச் சுமந்தபோது சோறு வேகிற வாசனைக்கே வாந்தி, பக்கத்தில் ஒருத்தன் எடுத்தால் நமக்கும் குமட்டல், பயந்தாலும் குமட்டல். இத்தனைக்கும் வயிற்றில் ஏதாவது சிக்கியா இருக்கிறது? இந்தச் சாதாரணக் கேள்வி தனக்கு ஏன் வரவில்லை. வந்திருந்தால் தொழில் போயிருக்கும், அதனால் வரவில்லை.

நான்காவது. ஐந்தாவது. தங்குகிறது. ஒன்று மட்டும் அவனுக்குத் தெரியும், அது எந்த டாக்டருக்கும் குறையாமல் தெரியும்: ஒரு பிள்ளை எப்போது வாந்தி எடுக்கப்போகிறது என்பது. முதலில் மேலுதட்டில் நிறம் போகும். அப்புறம் ஒரு கொட்டாவி. அப்புறம் வாயில் நீர் ஊறிக் கீழுதட்டில் வந்து தளும்பி நிற்கும், பிள்ளை விழுங்கி விழுங்கிப் பார்க்கும். அந்த நீர் வந்துவிட்டால் எண்ணிப் பத்துக்குள் வந்துவிடும். அப்பா அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தையே இதைக் கவனிப்பதுதான். மற்றதெல்லாம் கடைவாயில் இருக்கிறது. ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில், காலையிலேயே ஒதுக்கி வைத்துக்கொண்ட ஒரு சில்லுத் தேங்காயோ, முறுக்குத் துண்டோ, அரை நிலக்கடலையோ. உதட்டில் நீர் தளும்பும்போது குழலை வைக்க வேண்டும், பிள்ளை எடுக்கும் அதே நேரத்தில் உறிஞ்சித் துப்ப வேண்டும், தாய்க்காரிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். பிள்ளையும் எடுத்த பிறகு கொஞ்ச நேரம் தெளிச்சியாக இருக்கும், அது எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். "பாருங்க, முகமே மாறிருச்சு," என்பார்கள். அவனும் ஆமாம் என்று இலையை நீட்டுவான். ஒரு பிள்ளையையும் அவன் கெடுத்ததில்லை, யார் வாயிலும் விரலை விட்டதில்லை, எண்ணெய்கூட நல்ல எண்ணெய்தான் என்று ராத்திரிகளில் சொல்லிக்கொண்டு தூங்கியிருக்கிறான். திரும்பக் கொண்டுவராத பிள்ளைகள் குணமாகிவிட்டன என்றே கணக்கு. திரும்பி வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆறாவது கரண்டி. ஒரு சொட்டு மோவாயில் வழிந்தது, அதைக் கரண்டி விளிம்பால் வழித்து மறுபடி வாய்க்குள்ளேயே விட்டான்.

நேற்று மத்தியானம் வனிதா கேட்டது நியாயமான கேள்வி. "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் எடுக்கிறீங்க, நம்ம பிள்ளைக்கு எடுக்க மாட்டீங்களா?" கல்யாணமாகி ஆறு வருஷம், அவளுக்கும் கடைவாய் விஷயம் தெரியாது. சொல்ல வாய் வரவில்லை. தொழிலிலேயே அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது, அதை எடுத்து நீட்டினான்: சொந்த ரத்தத்துக்குப் பலிக்காது. இப்படி ஒரு விதியை எந்தப் பாட்டன் செய்து வைத்தானோ, மகா கெட்டிக்காரன். தன் பிள்ளை வயிற்றுக்கு முன்னால் நின்று எவனும் பொய் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதோடு விட்டிருக்கலாம். வனிதா விடவில்லை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப ஒச்சப்ப மாமாகிட்டப் போவோம்," என்றாள். ஒச்சப்பன் வீரணனின் பெரியப்பா மகன், நாலு மைல் தள்ளி அதே தொழில், அதே வித்தை, சொல்லிக்கொடுத்தது இரண்டு பேருக்கும் ஒரே ஆள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் இல்லாமல் பின்னாலேயே நடந்தான். வெயிலில் பிள்ளை இரண்டு தடவை எடுத்தது. அங்கே போனால் எண்ணெய், நீவல், குழல், எல்லாம் முறைப்படி. கனிஷ்காவின் உதட்டில் நீர் தளும்பியது, ஒச்சப்பன் குனிந்தான், உறிஞ்சினான், இலையில் துப்பினான். முறுக்குத் துண்டு. கனிஷ்கா முறுக்குத் தின்று பத்து நாளாகிறது. ஒச்சப்பன் நிமிர்ந்து வீரணனைப் பார்த்தான். வீரணனும் பார்த்தான். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேருக்கும் தெரியும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். "ரொம்பக் கெட்டியா ஒட்டியிருந்துச்சு, தம்பி," என்றான் ஒச்சப்பன். வனிதா அழுதாள். "ஆமாண்ணே," என்றான் வீரணன். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு ராத்திரி போயிற்று. இங்கே மருந்துப் பொடி ஓசியாகக் கிடக்கிறது, காலை ஏழு மணிக்குத்தான் முதல் பஸ், அதற்குள் பிள்ளை இன்னும் ஒன்பது தடவை எடுத்துவிட்டது. இப்போது மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போயிருக்கிற வனிதா பஸ்ஸில் உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருப்பாள். மாமா எடுத்தும் நிற்கவில்லையே என்றா?

அந்த நினைப்பில்தான் தப்பு நடந்தது. எட்டாவது கரண்டிக்குப் பிறகு கனிஷ்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி, அப்பா, தண்ணி," என்றாள், சத்தமே வராத குரலில். எட்டுத்தான் தங்கிவிட்டதே என்று மனசு இளகி, மூன்று கரண்டியை அடுத்தடுத்துக் கொடுத்துவிட்டான். மடக் மடக்கென்று குடித்தாள். ஒரு நிமிஷம் நிம்மதி. அப்புறம் மேலுதடு வெளுத்தது. கொட்டாவி விட்டாள். இல்லை, தூக்கக் கொட்டாவியாக இருக்கும், ராத்திரி பூரா முழித்தவள். உதட்டில் நீர் வந்து தளும்பி நின்றது. பதினான்கு வருஷமாக அந்த நீருக்குக் காத்திருந்து காத்திருந்து குழலை வைத்தவன், அது வரக் கூடாது என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டான். வந்தது. பிள்ளையைக் குப்புறச் சாய்த்துப் பிடித்தான். அவள் மூச்சு நின்றது. வயிறு முதுகெலும்போடு போய் ஒட்டியது, அந்த மூன்று வயசு உடம்பு மொத்தமும் அவன் கைக்குள் ஒரே இறுக்கமாக இறுகி, வெறும் தண்ணீர் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வந்து அவன் காலில் விழுந்தது. விழுந்ததும் மூச்சு தானே திரும்பி வந்தது. ஓடி வந்த சிஸ்டர் துடைத்துவிட்டாள். "பயப்படாதீங்க. அது எடுக்கிற நேரத்துல மூச்சுக்குழலை மூடிக்கிரும், ஒரு சொட்டு நுரையீரலுக்குப் போகக் கூடாதுன்னு. முன்னாடி வாயில தண்ணி ஊறுது பாருங்க, அதுகூட புளிப்புல பல்லு கெட்டுறக் கூடாதுன்னுதான். எவ்வளவு குடுத்தீங்க?" அவன் சொன்னான். அவள் திட்டவில்லை. "பத்து நிமிஷம் விடுங்க. மறுபடி ஆரம்பிங்க. ஒரு கரண்டி," என்று மட்டும் சொன்னாள்.

பத்து நிமிஷம். வீரணன் மகளை மடியில் போட்டுக்கொண்டு அந்த வயிற்றின் மேல் கையை வைத்தான், எண்ணெய் இல்லாமல், நீவாமல், சும்மா. உள்ளே ஏதோ மெல்ல உருண்டது. பல்லுக்குப் பயந்து எச்சில் ஊறுகிறதாம். அந்த நீரைத்தான் அவன் தன் தந்திரத்துக்கு மணியாக வைத்திருந்தான். அது அந்த நேரத்தில் ஒரு பிள்ளையின் பால்பல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மூச்சைப் பூட்டுவது யார், திறப்பது யார்? தூங்குகிற பிள்ளைக்கும் இது நடக்கிறது, பெயர் சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கும் நடக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, ஒரு தடவையும் முறை மாறுவதில்லை. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில்கூட அவனுக்கு இப்படி ஆனதில்லை. இத்தனை வருஷமாக இவ்வளவு பெரிய காரியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தில் ஒரு தேங்காய்ச் சில்லை வைத்துக்கொண்டு, நான்தான் செய்தேன் என்று இலையை நீட்டியிருக்கிறான். வெட்கம் வந்தது. வெட்கத்தைவிடப் பெரிசாக ஒரு மலைப்பு வந்து அதை மூடிக்கொண்டது. அந்தப் பொடியும் அப்படித்தான். உப்பும் சர்க்கரையும் என்று சிஸ்டர் சொன்னபோது இதுக்குத்தானா பஸ் ஏறி வந்தோம் என்று நினைத்தான். "உப்பு தனியாப் போனா குடல் வாசல்ல நின்னுக்கும். சர்க்கரை கூடப் போனா ரெண்டையும் சேர்த்து உள்ள விடும், தண்ணி பின்னாடியே போயிரும்," என்று அவள் சொன்னாள். யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் கை வாழ வேண்டும். ஒன்பது நாற்பது. கரண்டியை முக்கால் நிரப்பி உதட்டில் வைத்தான். போயிற்று. முள்ளைப் பார்த்தான். முள் நகரவே இல்லை போல் இருந்தது, அப்புறம் நகர்ந்தது.

புதிதாக எண்ண ஆரம்பித்ததில் பதினேழாவது கரண்டி போகும்போதுதான் அந்தப் பெண் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள், இடுப்பில் மூன்றரை வயசுப் பையன், தலை தோளில் தொங்குகிறது. சிஸ்டர் அவளுக்கும் கரைசலும் கரண்டியும் கொடுத்து, அதே பாடத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெண் ஒரு கரண்டி கொடுத்தாள், பையன் துப்பிவிட்டான். எரிச்சலோடு அக்கம்பக்கம் பார்த்தவள் வீரணனைப் பார்த்து நிமிர்ந்தாள். "தொக்கக்கார அண்ணன்தானே நீங்க? என்னையத் தெரியல? அழகுமணி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவனுக்கு நீங்கதான் எடுத்தீங்க. தேங்காச் சில்லு வந்துச்சே." அவனுக்கு நினைவில்லை. தேங்காய்ச் சில்லு எத்தனையோ பேருக்கு வந்திருக்கிறது. "அன்னைல இருந்து இவன் வாயில தேங்கா படவிட்டதில்லண்ணே. சட்னியில ஒரு துளி இருந்தாலும் இவனுக்குத் தனியா வெறும் மிளகாய்ப்பொடி. அப்படியிருந்தும் இப்ப எது போய் மாட்டுச்சோ." அவள் அவன் மடியைப் பார்த்தாள். "உங்க பிள்ளையா? ஆமா, சொந்த ரத்தத்துக்குப் பலிக்காதுல்ல," என்று அவளே பதிலையும் சொல்லிக்கொண்டாள். வீரணன் முள்ளைப் பார்த்தான். இருபதாவது கரண்டி. இருபத்தொன்று. அப்போது அவன் தொடையில் ஏதோ வெதுவெதுவென்று பரவியது. கரைசல் சிந்திவிட்டது என்று குவளையைப் பார்த்தான். குவளை நிமிர்ந்து நின்றது. கனிஷ்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூத்திரம் வந்திருச்சு," என்றாள், திட்டுவானோ என்று பயந்து. அவன் குனிந்து அவள் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டான். நெஞ்சு நிறைந்து, சத்தம் போட்டு அழ வேண்டும் போல் இருந்தது. வேட்டி நனைந்து பெஞ்சிலிருந்து கீழே சொட்டியது, சொட்டட்டும்.

அழகுமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "பார்த்தீங்களா, கை ராசி சும்மா விடுமா? நான் வந்ததுல இருந்து வயித்துல கையை வச்சுக்கிட்டே இருந்தீங்கல்ல, சொந்த ரத்தம்னாலும் இறங்கியிருக்கு," என்றாள். கரண்டியைக் குவளைக்குள் போட்டுவிட்டு எழுந்தாள். "இந்தச் சீனித் தண்ணியெல்லாம் இவனுக்கு ஆகாதுண்ணே. சிஸ்டர் வர்றதுக்குள்ள வெளிய மரத்தடிக்கு வாங்க. குழல் இல்லாட்டியும் பரவாயில்ல, கையாலயாவது எடுத்து விடுங்க." பையனின் தலை இன்னும் தொங்கியது. கண் உள்ளே போயிருந்தது, கனிஷ்காவைவிட அதிகமாக. வீரணனுக்குத் தப்பிக்க வழி இருந்தது. இன்றைக்குத் தீட்டு, இன்றைக்கு அமாவாசை, ஏதாவது சொல்லலாம், சொன்னால் அவள் பையனைத் தூக்கிக்கொண்டு நேரே ஒச்சப்பனிடம் போவாள். வெயிலில் இன்னொரு நடை. உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் தெரிந்துவிடும், நாளையிலிருந்து யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள், வனிதா கேட்பாள், முறுக்குத் துண்டையும் சேர்த்துக் கேட்பாள். எல்லாம் ஒரே நொடியில் தோன்றியது. குமட்டல் வந்தது. வாயில் நீர் ஊறியது, விழுங்கினான், மறுபடி ஊறியது. "உட்காரும்மா," என்றான்.

"நான் எடுக்கிறது பொய்," என்றான். அவள் புரியாமல் பார்த்தாள். "யாருக்கும் எதுவும் வந்ததில்லம்மா. உள்ள எதுவும் சிக்கிறதும் இல்ல. முதல்லயே வாயில ஒதுக்கி வச்சுக்கிட்டுத் துப்புறது." அழகுமணி சிரிக்கப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "அன்னைக்கு வந்த தேங்காச் சில்லு?" "அது எங்க வீட்டுத் தேங்காம்மா." அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மகனின் முதுகைத் தடவினாள். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று அவன் எதிர்பார்த்தான், துப்பினால் துடைக்கவும் தோன்றியிருக்காது. அவள் கேட்டது வேறு. "அப்ப அன்னைக்கு இவனுக்கு எப்படி நின்னுச்சு?"

"தானா நின்னுச்சு," என்றான் வீரணன். "அவன் உடம்பே நிறுத்துச்சும்மா. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன், அம்புட்டுத்தான். இன்னைக்கும் நிறுத்தும். அதுக்குள்ள வத்திப் போயிராம இந்தத் தண்ணியைத்தான் குடுத்துக்கிட்டே இருக்கணும்."

"எந்திரிங்க," என்றாள் அவள். "எந்திரிச்சு அங்கிட்டுப் போங்க. என் பிள்ளை பக்கத்துல உட்காராதீங்க."

அவன் மகளைத் தூக்கிக்கொண்டு, நனைந்த வேட்டியோடு, கதவோரம் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். அவள் பக்கம் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குவளையில் கரண்டி இடிபடும் சத்தம் கேட்டது. கனிஷ்காவின் கரண்டிக்கு இன்னும் அரை நிமிஷம் இருந்தது, அது ஆனதும் கொடுத்தான், விழுங்கினாள். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்த முனையிலிருந்து கடிகாரம் சரியாகத் தெரியாது, கம்பத்துக்குப் பின்னால் போய்விடும், அது அவனுக்குத் தெரியும். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய இரண்டு நிமிஷம் முடிந்தது.

"இப்பக் குடுக்கலாம்மா," என்றான்.

அழகுமணி அவன் பக்கம் திரும்பவில்லை. கரண்டியை நிரப்பி மகனின் வாயில் வைத்தாள்.